டேப் அளக்காத துண்டு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து நீ சொன்ன ஒரு வாக்கியம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என்ன திடீரென்று இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று பயப்படாதே. வீட்டில் எல்லோரும் சுகம். மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நேரில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நேரில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாய். கடிதத்தை அப்படி விட்டுவிட்டு எழுந்து போக முடியாது, போனாலும் திரும்பி வந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். நம் ஊர் ரோட்டை அரசாங்கமே எடுத்துக்கொண்டு தார் போடப் போகிறதாமே, அன்றைக்குக் கைக்காசு போட்டு ரோடு போட்டவர்களுக்கு ஏதோ ஈட்டுத்தொகையும் கொடுக்கப் போகிறார்களாமே, நடுவில் ஏழுமலை மாமா போட்ட துண்டுக்கு என்ன செய்வார்கள் என்று. நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாய்: "ரூல்படி அந்தத் துண்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா." ரோடு ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து இன்னும் உன் புதுச் செருப்பு காலைக் கடிப்பதுகூட நிற்கவில்லை, அதற்குள் அந்த வாக்கியம் உன் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பெருமையாக இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை ஆபீஸர் மாதிரி பேசுகிறான் என்று ஒரு நிமிஷம் பூரித்துத்தான் போனேன். அடுத்த நிமிஷம் அந்தப் பூரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அந்த வாக்கியம் நீ கண்டுபிடித்தது இல்லை. நீ மூன்றாவது படித்த வருஷம், இதே வீட்டில், இதே இடத்தில் உட்கார்ந்து, இதே மாதிரி தலையைத் தூக்காமல் உன் அப்பா அதைச் சொன்னார். அவர் அப்போது சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது ரோடு. அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நம் ஊரிலிருந்து பாகூர் போகிற பெரிய ரோட்டுக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. மழை பெய்தால் அது பாதை இல்லை, நாற்றங்கால். கரும்பு ஆலை லாரி பெரிய ரோட்டோடு நின்றுவிடும். வெட்டிய கரும்பை மாட்டு வண்டியில் ஏற்றி, சேற்றில் இழுத்து, ரோட்டோரம் இறக்கி, மறுபடியும் லாரியில் ஏற்ற வேண்டும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடை இறங்கும். ஆலையில் எடை போடும் இடத்திலிருந்து உன் அப்பா திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று நான் முடிவு செய்வேன். முகம் சுருங்கியிருந்தால் கருவாட்டுக் குழம்பு. அதைப் பார்த்தால்தான் மனிதர் கொஞ்சம் இளகுவார்.

அப்போதுதான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் கைக்காசைப் போட்டு ரோடு போட்டுக்கொண்டால், அரசாங்கம் வந்து அளந்து பார்த்து, செலவில் பாதியை மானியமாகத் திருப்பிக் கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான். ரோடு ஊரில் தொடங்கிப் பெரிய ரோட்டில் போய் முட்ட வேண்டும், நடுவில் எங்கும் அறுந்திருக்கக் கூடாது. மானியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ரைஸ் மில்லில் கூட்டம் போட்டார். அவரவர் நிலத்தை ஒட்டிய துண்டை அவரவர் செலவில் போட்டுக்கொள்வது, மானியம் வந்ததும் அவரவர் பாதியை அவரவர் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே திரிந்தார்.

எங்கே தப்பு நடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். நம் பக்கத்து நிலத்தை இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டதில், நம் ஊரும் பெரிய ரோடும் புதுச்சேரியில் இருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் தமிழ்நாட்டில் மாட்டிக்கொண்டது. இந்த முனையில் ஒரு எல்லைக்கல், அந்த முனையில் ஒரு எல்லைக்கல். கல்லைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம், அடுத்த கல்லைத் தாண்டினால் மறுபடி நம் ராஜ்ஜியம். வீடு இங்கேயும் மாட்டுக்கொட்டகை அங்கேயும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பால் கறப்பது தமிழ்நாட்டில், காய்ச்சுவது புதுச்சேரியில். அப்போது அந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சாராயக்கடை. குடிக்க வருகிறவனுக்கும் தெரியும் கல் எங்கே என்று, தள்ளாடிக்கொண்டு திரும்புகிறவனுக்கும் தெரியும். ரைஸ் மில்லில் கூட்டம் போட்ட பெரிய மனிதர்களுக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை. தினம் காலால் மிதிக்கிற இடத்தை யார் அயல் சீமை என்று நினைப்பார்கள்? நானும்தான் நினைக்கவில்லை.

அந்தத் துண்டு ஏழுமலையினுடையது. நீ அவரை மாமா என்று கூப்பிடுவாய். அன்றைக்கு அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மனைவி கண்ணம்மா, மானாவாரி நிலம், அதில் மல்லாட்டைக் கடலை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் கண்ணம்மாவிடம் மல்லாட்டை வாங்கப் போயிருந்த அன்றுதான் உன் அப்பாவும் ரோடு விஷயமாக அங்கே வந்தார்.

"ஏழுமல, ஒன் துண்ட நீ போட்டுடு. மானியம் வந்தா எல்லாருக்கும் பாதி வருது. ஒனக்கும்தான்" என்றார்.

"எனக்கு ஏது அண்ணே கரும்பு? லாரியா வரப்போவுது? மல்லாட்டைய தலையில தூக்கினு போயிடுவேன். இந்த ரோட்டால எனக்கு இன்னா?"

"வூட்டு வாசல்ல ரோடு வந்தா சும்மாவாடா? நாளைக்கு நீயும் கரும்பு போடுவ."

"கரும்பு போடத்தான் கெணறு வெட்டணும்னு துட்டு சேத்து வச்சிருக்குது" என்றாள் கண்ணம்மா, என்னைப் பார்த்து. என்னிடம் சொன்னால் உன் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும்.

உன் அப்பா நேராகவே பதில் சொன்னார். "கெணறு எங்கம்மா ஓடிப் போவுது? மானியம் வந்ததும் வெட்டிக்குங்க. நான் இருக்கேன்ல?"

அந்த "நான் இருக்கேன்ல" என்பதை நன்றாகக் குறித்துக்கொள். யாரும் எழுதி வாங்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் அப்படி எழுதி வாங்கினால் அவமானம். ஏழுமலை மறுநாளே கிணற்றுக் காசை எடுத்துச் செம்மண்ணும் ஜல்லியும் இறக்கினார். தண்ணீர் போக நடுவில் ஒரு குழாயும் பதித்தார். ரோலர் வந்து ஓடிய அன்று நீ பள்ளிக்கூடம் போகாமல் அதன் பின்னாலேயே நடந்தாய். அப்புறம் அந்த ரோட்டில்தான் சைக்கிள் பழகினாய், இரண்டாவது கல்லில் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய், கண்ணம்மாதான் மஞ்சள் வைத்துக் கட்டி அனுப்பினாள். உனக்கு அந்தக் கல் அவ்வளவுதான், முட்டியைப் பெயர்த்த கல்.

அளக்க ஓவர்சியர் வந்தார். ஒல்லியான மனிதர், குடை வைத்திருந்தார். யார் வீட்டிலும் சாப்பிட மாட்டேன், மோர் மட்டும் போதும் என்றார். இதை நீ பழகிக்கொள்: சாப்பாட்டுக்கு அழைத்தால் தட்டிவிடு, மோர் கொடுத்தால் வாங்கிக் குடி. சாப்பாடு போட்டவன் ஏதாவது எதிர்பார்ப்பான். மோரையும் வேண்டாம் என்றால் மனசு நோகும். அவர் பெரிய ரோட்டு முனையிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஊரே பின்னால் வந்தது. எல்லைக்கல்லை எட்டியதும் டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், சுருட்டிட்டீங்க?" என்றார் உன் அப்பா.

"இதுக்கு மேல தமிழ்நாடுங்க. நம்ம டேப்பு இங்க செல்லாது."

சொல்லிவிட்டு அந்தத் துண்டு முழுக்கச் சும்மா நடந்தார். ஏழுமலை அவர் பக்கத்திலேயே நடந்து, எங்கே குழாய் பதித்தேன், எங்கே பள்ளத்தைத் தூர்த்தேன் என்று காட்டிக்கொண்டே வந்தார். டேப் இல்லாமலே அளக்க ஆபீஸர்களுக்கு ஏதோ வழி இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இந்த முனைக் கல்லுக்கு வந்ததும் ஓவர்சியர் மறுபடி டேப்பைப் பிரித்தார். அப்போதுதான் ஏழுமலை கேட்டார்.

"என்னுது எவ்ளோ வந்துது சார்?"

ஓவர்சியர் குடையை மடக்கிவிட்டு அவர் எதிரே நின்றார். "உன் துண்டு இல்லன்னா இந்த ரோடு அறுந்துடும்பா. எவனுக்கும் மானியம் கெடையாது. உன்னாலதான் இவங்க எல்லாருக்கும் வருது. ஆனா உனக்கு மட்டும் நான் எழுத முடியாது. ரூல் இல்ல. மன்னிச்சுக்கோ."

ஏழுமலை "சரிங்க" என்றார். வேறு என்ன சொல்வார்? அந்த ஓவர்சியர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. முடியாது என்பதை முகத்துக்கு நேரே, அந்த மண்ணிலேயே நின்று சொன்னார். ஒருவரால்தான் எல்லோருக்கும் வருகிறது என்பதையும் ஊர் கேட்கச் சொன்னார். அதற்கப்புறம் செய்ய வேண்டியது ஊரின் வேலை. ஊர் வாயைத் திறக்கவில்லை.

மானியம் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் நான் கேட்டேன், ஏழுமலைக்கு என்று. சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார், "ரூல்படி அவனுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுடி. கவர்மென்ட்டு குடுத்திருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?" நான் அப்பளத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அந்தக் காசில் உன் அப்பா என்ன செய்தார் என்றால், நம் மூலைக் கிணற்றுக்கு மோட்டார் போட்டார். மூலைக் கிணறு எங்கே இருக்கிறது? எல்லைக்கல்லை ஒட்டி. கல்லுக்கு இந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்கம் ஏழுமலை மல்லாட்டைக்கு மழை வருமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். உன் அப்பா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். வேறெங்கோ ஒருவன் இப்படிச் செய்தான் என்று கேள்விப்பட்டிருந்தால் அவரே அவனைக் கிழி கிழியென்று கிழித்திருப்பார்.

ஏழுமலை தன் பக்கத்து அரசாங்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கடலூருக்குப் போனார். ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு மேஜைக்காரர் கேட்ட கேள்வியைக் கண்ணம்மா என்னிடம் வந்து சொன்னாள். "பாண்டிச்சேரிக்கு ரோடு போட ஒன்ன யாருய்யா சொன்னது, சாராயம் கடத்தவான்னு கேட்டாங்களாம் அண்ணி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் மூங்கில் வந்தது. ஏழுமலை தன் துண்டின் நடுவில் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, ஒரு முனையில் கல்லைக் கட்டினார். லாரிக்குக் காசு, வண்டிக்குக் காசு. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி, கல்யாண வண்டி, சாவு வண்டி எதற்கும் கிடையாது. உன் அப்பா குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும். "எவன் வூட்டு ரோட்டுல எவன் காசு கேக்கறது?" என்றார். அது ஏழுமலை வீட்டு ரோடு என்பது அவருக்கு அப்போதுகூட ஞாபகம் வரவில்லை. ஒரு பைசா கொடுக்க மாட்டேன் என்று வீராப்பாக, கரும்பை ரோட்டை விட்டு வயல் வழியாகச் சுற்றிப் போகிற சேற்றுப் பாதையில் வண்டியில் அனுப்பினார். அந்த வருஷம் மழை பிந்திப் பெய்தது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து வெட்டிய கரும்பு பாதி வழியில் வண்டியோடு புதைந்து கிடந்தது. உன் அப்பா வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், என்னையும் கிட்டே வர விடவில்லை.

இனி நான் சொல்வது உனக்குத் தெரியாது. அடுத்த பருவத்தில் நான் என் பால் காசிலிருந்து ஏழுமலைக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். நம் கரும்பு ஏற்றுகிற லாரி எது வந்தாலும் மூங்கிலைத் தூக்கிவிட வேண்டும், வாரக் கடைசியில் கணக்கு என்னோடு. கண்ணம்மா முதலில் வேண்டாம் என்றாள். வாங்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டாள். உன் அப்பாவிடம், ஏழுமலை உங்கள் லாரிக்கு மட்டும் காசு வேண்டாம் என்கிறானாம் என்று சொல்லிவைத்தேன். அதைக் கேட்டு அவர் மீசையைத் தடவிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு அடக்க முடியவில்லை. "என்னக் கண்டா அவனுக்கு பயம்டி" என்று மில்லில் போய்ச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்தாராம்.

இப்படியே சில வருஷம் போயிற்று. நீ ஹைஸ்கூல் வந்துவிட்டாய். இதற்குள் நம் துண்டு ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. கொம்யூனில் போய்ச் சொன்னால், அது நீங்கள் போட்ட ரோடு, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நம் ஆட்களைக் கேட்டால், மானியம் கொடுத்தது அரசாங்கம், அரசாங்கம் பார்க்கட்டும் என்றார்கள். போடுவதற்குப் பணம் வந்தது, போட்டதைக் காப்பாற்ற யாருக்கும் பணம் வரவில்லை, மனமும் வரவில்லை. ஒருவரும் ஒரு கல்லைக்கூடத் தூக்கிப் போடவில்லை. கெட்டியாக இருந்தது ஒரே ஒரு துண்டு, மானியம் வராத துண்டு. ஏழுமலை மூங்கிலில் வந்த காசில் பாதியை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண்ணாகவும் ஜல்லியாகவும் அதிலேயே போட்டார். உங்கள் காலேஜில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்களா? வைக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கொடு.

கடைசியில் ஆலைக்காரர்கள், ரோட்டைச் சரி செய்யாவிட்டால் இனி லாரி உள்ளே வராது என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பா ஒரு காலை சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். நான் கேட்கவில்லை. அவர் கிளம்பியதும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணம்மாவுக்கு மோர் கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். ஏழுமலை மூங்கில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழுமல, நம்ம ஆளுங்க எல்லாம் சேந்து கொஞ்சம் கூடவே குடுத்துடறோம். எங்க துண்டுலயும் நீயே மண்ணு போட்டு சரி பண்ணிடு" என்றார் உன் அப்பா. அந்த வார்த்தை வெளியே வர அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏழுமலை வெற்றிலையை மென்று முடித்தார். "உங்க துண்டுல நான் எப்பிடி அண்ணே கை வைக்கிறது? அது வேற கவர்மென்ட்டாச்சே."

உன் அப்பாவின் முகம் செத்துவிட்டது. ஏழுமலை கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தார், அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அப்புறம் சிரித்தார். "சரி போங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடறேன். நீங்க புதுசா ஒண்ணும் குடுக்க வேணாம். அண்ணிதான் வாரா வாரம் குடுத்துகினு வராங்களே."

நான் மோர்ச் சொம்போடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சே இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். மூன்றாம் நாள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார், "இன்னாடி, இந்த வாரத்துக்குக் குடுத்துட்டியா?" குடுத்துட்டேன் என்றேன். "அடுத்த வாரத்துலருந்து நான் குடுக்கறேன். ஒன் பால் காசுல கன்னுக்குட்டிக்கி எதுனா வாங்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. எங்களுக்குள் பெரிய மன்னிப்பெல்லாம் கிடையாது.

ரோடு முழுக்க நன்றாக ஆன பிறகுதான் டவுன் பஸ் உள்ளே வந்தது. அந்த பஸ்ஸில்தான் நீ புதுச்சேரிக்குப் போய்ப் படித்தாய். ஒரு நாளும் பஸ்ஸுக்கு ஏழுமலை காசு வாங்கியதில்லை. சத்தம் கேட்டதுமே தூக்கிவிடுவார், "புள்ளைங்க போற வண்டி" என்பார். உனக்குப் பரீட்சை என்றால் கண்ணம்மா ஜன்னல் பக்கம் வந்து வேகவைத்த மல்லாட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். நீ எழுதிய பரீட்சையெல்லாம் அந்தத் துண்டைத் தாண்டிப் போய் எழுதியவைதான். இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன்.

நீ வந்து போன மறுநாள் உங்கள் ஆபீஸ் ஆட்கள் தார் போட அளவெடுக்க வந்தார்கள். இந்த முனைக் கல் வரைக்கும் அளந்தார்கள், அந்த முனைக் கல்லிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நடுத்துண்டிலும் தார் ஊற்றுவார்களாம், அந்தப் பக்கத்து ஆபீஸ் தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். ஆனால் அந்தத் துண்டுக்கு ஈட்டுத்தொகை கிடையாது. அரசாங்கக் காசு பட்ட ரோட்டில் தனி ஆள் வசூலும் கூடாது. அவர்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழுமலையே எழுந்து போய், கட்டியிருந்த கல்லை அவிழ்த்து, மூங்கிலை உருவி வேலியோரம் கிடத்தினார். "ரோடு நல்லா வந்தா சரிங்க" என்றார். அவருக்கு இப்போது முதுகு வளைய ஆரம்பித்துவிட்டது. கிணறு இன்றைக்கும் வெட்டவில்லை. மூங்கிலும் போன பிறகு, மழையை விட்டால் அவருக்கு வேறு வரும்படி இல்லை.

உன் அப்பா அங்கேதான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்தவர் கருவாட்டுக் குழம்பு வைத்தும் சாப்பிடவில்லை. காலையில் கேட்டார், "மூலக் கெணறு யார் பேர்ல இருக்குது?" தெரியாமல் கேட்கவில்லை. உன் தாத்தா அந்த மூலையை உன் பெயரில் எழுதிவைத்தது அவருக்கு நன்றாகவே தெரியும். உன் பெயர் என் வாயிலிருந்து வரட்டும் என்று கேட்டார். அவர் எண்ணம் இது: அந்தக் கிணற்றிலும் மோட்டாரிலும் பாதி உரிமையை, கிணற்றைச் சுற்றியுள்ள கொஞ்சம் நிலத்தோடு, ஏழுமலை பெயரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கல்லுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் எடுத்தால் அவர் நிலம் நனைந்துவிடும். இதிலும் உன் அப்பாவின் மூளை அவருடைய மூளையாகவே வேலை செய்கிறது, பார். "நம்ம பக்கம் அவனுக்கு ஒரு துண்டு மண்ணு இருந்துதுன்னு வை, அடுத்த தபா டேப்பு அவனையும் அளந்துதான ஆவணும்?" என்கிறார். மானியத்தை விட்ட பாடில்லை.

இதை அவர் உன்னிடம் கேட்க மாட்டார். பிள்ளை கையை எதிர்பார்ப்பது அவருக்கு மூங்கிலில் காசு கொடுப்பதைவிடக் கஷ்டம். அதனால் நான் கேட்கிறேன். ஏழுமலைக்கு இது தெரியாது, கண்ணம்மாவுக்கும் தெரியாது. நீ முடியாது என்றால் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. சொத்து உன்னுடையது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், வருகிறவள் ஏன் கொடுத்தாய் என்று கேட்கலாம், கேட்பதற்கு அவளுக்கு நியாயமும் இருக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொள். உங்கள் ஆபீஸ் ரூலை மீறு என்று நான் சொல்லவே இல்லை. டேப்பை ஒரு அங்குலம்கூட நீட்டாதே. அது உன் வேலை, அதில் சுத்தமாக இரு. டேப்பைச் சுருட்டிய பிறகு உள்ள இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் சொல்கிறேன். அந்த ஓவர்சியர் பார்த்தார். உன் அப்பாவுக்குப் பார்க்க இத்தனை வருஷம் ஆயிற்று. உனக்கும் அவ்வளவு ஆகக் கூடாது என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் வேண்டாம், உன் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வா. மூங்கில் எடுத்து ஒரு வாரம் ஆகப்போகிறது, ஆனாலும் அந்த இடம் வந்தால் லாரிக்காரன், வண்டிக்காரன், எல்லோரும் இன்னும் வேகத்தைக் குறைக்கிறார்கள், கை கால் பழகிவிட்டது. நீயும் பிரேக் போடுவாய். போட்டதும் இறங்கு. ஏழுமலை மாமா வேலியோரம் உட்கார்ந்திருப்பார், இப்போது அவருக்கு வேறு வேலை இல்லை. என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்லிப் பார். ரசம் ஊற்றிக்கொண்டு இல்லை, அவர் முகத்தைப் பார்த்து. சொல்ல முடிந்தால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சொல்ல முடியவில்லை என்றால் வீட்டுக்கு வா. பத்திரத்தை எழுதி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார் உன் அப்பா. உன் பேனாவை எடுத்து வா. அவருடையது கசிகிறது.

அம்மா